ஆல்பேட்டைப் பாலத்தில் நாற்பது நிமிடம்: உள்ளூர் சேனல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கேபிளில் உள்ளூர் சேனல் நடத்தும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் உங்களுடையதைப் போன்ற ஒரு சேனலுக்குக் கேமரா தூக்கியவன். கோயில் கொடியேற்றம், பள்ளி ஆண்டு விழா, கவுன்சிலர் பிறந்தநாள், புது ஜவுளிக்கடை திறப்பு என்று எதையும் விட்டதில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமும் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. கடலூருக்குப் புயலைவிடப் பின்னால் வந்த தண்ணீர்தான் பெரிய அடி. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிட, தென்பெண்ணை இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்ததும் அம்மா முதலில் தேடியது ரிமோட்டை. பெரிய செய்திச் சேனல்கள் திருவண்ணாமலை மண்சரிவையும் தலைவர்களின் பேட்டியையும் மாற்றி மாற்றிக் காட்டின. அவர்களைக் குறை சொல்ல முடியாது, மாநிலம் முழுக்க அவர்களுக்கு வேலை கிடக்கிறது. அம்மாவுக்கு வேண்டியதோ ஒரே ஒரு தகவல். தாழங்குடாவில் இருக்கும் என் அக்கா வீட்டுப் பக்கம் தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?

உங்களில் ஒருவருடைய சேனலில்தான் அது கிடைத்தது. ஒரு பையன் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஆல்பேட்டைப் பாலத்தில் நின்றான். வர்ணனை கிடையாது, பின்னணி இசை கிடையாது, மைக்கில் காற்று மட்டும் புஸ் புஸ் என்று அடித்தது. பழுப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் யாரோ ஒருவர் வந்து, நாணமேட்டுப் பக்கம் படகு போயிருக்கிறது, உச்சிமேட்டில் இன்னும் இடுப்பளவு நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நிமிடம் அம்மா கண்ணெடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்து குண்டு உப்பலவாடிக்குப் போகிறோம் என்று அந்தப் பையன் சொன்னான். சொன்ன மறுநொடி திரையில் மூட்டுவலித் தைலம் வந்தது.

அரை மணி நேரம் அதுதான். ஊரில் ஆறு ஓடுகிறது, டி.வி.யில் ஒருவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு நம்பர் தெரியும் என்பதால் கன்ட்ரோல் ரூமுக்கே போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "பணம் வாங்கியாச்சுண்ணே, ஸ்லாட்டை ஓட்டித்தான் ஆகணும். அதுவும் இல்லாம நம்மள யாருண்ணே பாக்குறாங்க?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்த மடல். சேனல் நடத்துகிறவரே இப்படிக் கேட்டால் என்ன செய்வது?

யார் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. நாட்டில் டி.வி. பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் அமைப்பு 2015 முதல் ரேட்டிங் வெளியிடுகிறது. சில வருடங்களுக்கு முந்தைய கணக்கில் டி.வி. உள்ள வீடுகள் ஏறத்தாழ 21 கோடி, அதில் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் மீட்டர் வைத்த வீடுகள் சுமார் 55,000. வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 3,800 வீட்டுக்கு ஒரு மீட்டர். காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டை ஒலியோடு கலந்து அனுப்பும் சேனலைத்தான் அந்த மீட்டர் அடையாளம் காணும். ஒரு ஊர் எல்லையோடு நின்றுவிடும் கேபிள் சேனலுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பெரிய பெரிய விளம்பரக் கம்பெனிகளுக்கு அந்தப் பட்டியல்தான் வேதம், சரி. ஆனால் தேரடித் தெருப் பாத்திரக்கடைக்காரருக்கு அது எதற்கு? அவர் கடைக்கு வருகிறவர் "சேனல்ல பாத்தேன்" என்று சொன்னால் போதும். என் காலத்தில் பிறந்தநாள் வாழ்த்து ஸ்லைடு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் வாங்குவோம். சாயந்திரம் ஸ்லைடு போகும்போது பெயரில் ஒரு எழுத்து பிழையாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் நாலு போன் வரும். எங்களுக்கு ரேட்டிங் அதுதான்.

இன்னொன்று, நம்பர் விஷயம். என் அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. அவருக்குச் சேனலின் பெயர் தெரியாது, நம்பர்தான் தெரியும். ரிமோட்டின் பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் நாலு நம்பர் எழுதி வைத்திருக்கிறார். பழைய பாட்டாகப் போடும் முரசு ஒன்று, சீரியலுக்கு ஒன்று, பக்திக்கு ஒன்று, உங்களுடையது ஒன்று. உங்களுடையதை மட்டும் மூன்று முறை அடித்துத் திருத்தியிருக்கிறார். நம்பர் மாறும் ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில், சேனலை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஆள் இல்லை என்று நினைக்கிறீர்கள், ஆட்கள் நீங்கள் இல்லை என்று நினைக்கிறார்கள். நம்பர் உங்கள் கையில் இல்லை, கேபிள்காரர்களுக்கெல்லாம் சிக்னல் கொடுக்கும் பெரிய நிறுவனமான எம்.எஸ்.ஓ. மாற்றுகிறது என்பீர்கள். தெரியும். ஆனால் மாறப்போகிறது என்று பத்து நாள் முன்பே ஸ்க்ரோல் ஓட்டுவது உங்கள் கையில்தானே இருக்கிறது?

நம் ஆட்களுக்கு டி.வி. ஒன்றும் சும்மா வரவில்லை. சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. அதைக் கடலூரில் பிடிக்க அப்பா மாடியில் இரும்புக் குழாய் நட்டு ஆண்டெனா கட்டினார். வெயில் கால இரவுகளில் அதைக் கடல் பக்கம் திருப்பினால் இலங்கையின் ரூபவாகினி புள்ளி புள்ளியாகத் தெரியும். புரியாத சிங்களத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். 1993 தமிழ்ப் புத்தாண்டுக்கு சன் டி.வி. வந்தது, தெருவெல்லாம் கேபிள் இழுத்தார்கள். உள்ளூர் சேனல் பிறந்ததும் அந்த ஒயரில்தான். கன்ட்ரோல் ரூமில் ஒரு வி.சி.ஆர்., அதன் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். புதுப் படத்தின் திருட்டு சி.டி.யை ஓட்டிய பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறைத்துப் பயனில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். படம் ஓடும்போது சத்தமில்லாமல் இருக்கும் போன், தை 5 ஆற்றுத் திருவிழா வீடியோ போடும் அன்று நிற்காமல் அடிக்கும். "எங்க ஊரு சாமி வந்ததை எப்ப போடுவீங்க?"

2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. அப்புறம் செட் டாப் பாக்ஸ். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டண முறையை மாற்றி, நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்றது. இத்தனை மாற்றத்திலும் சின்னச் சேனல்கள் செத்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். சில செத்தன. நான் வேலை பார்த்ததும் அதில் ஒன்று. மற்றவை பிழைத்துக் கிடக்கின்றன என்றால் அதற்குக் காரணம் வேண்டுமே.

சாட்டிலைட் சேனல்களிலேயே பாருங்கள். மக்கள் தொலைக்காட்சி 2006 செப்டம்பரில் தொடங்கியபோது, சினிமா இல்லாமல் தமிழில் ஒரு சேனலா என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் வீட்டிலேயே அதைப் பார்க்க ஆள் இருந்தது. போன வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மகன் அங்குள்ள கதையைச் சொன்னான். யூ.பி.என்., டபிள்யூ.பி. என்று இரண்டு புது நெட்வொர்க்குகள் 1995 ஜனவரியில், ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தொடங்கினவாம். இரண்டுக்கும் பின்னால் பெரிய ஸ்டுடியோக்கள், பணத்துக்குக் குறைவில்லை. 2006 செப்டம்பரில் இரண்டையுமே மூடிவிட்டு, அந்த இடத்தில் தி சி.டபிள்யூ. என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதே நாட்டில் சிகாகோவில் ஒரு சின்ன உள்ளூர் ஸ்டேஷன் தாத்தா காலத்துத் தொடர்களை மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. மீ டி.வி. என்று பெயர். 2010 டிசம்பரில் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. தன் ஆள் யார் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இவன் சொன்னதைக் கேட்டு அம்மா ரிமோட்டைத் திருப்பி முரசு நம்பரைப் பார்த்துக்கொண்டார்.

பழைய பாட்டுக்கு முரசு இருக்கிறது, சீரியலுக்கு சன் இருக்கிறது. அவர்களோடு நீங்கள் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? சென்னை ஆங்கர் மாதிரி பேசும் பெண்ணைத் தேடி, பச்சைத் திரை கட்டி, பின்னால் உலக உருண்டையைச் சுழலவிட்டுச் செய்தி வாசிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆல்பேட்டையில் நின்ற பையனிடம் இருந்தது அந்த உருண்டையில் இல்லை.

சட்டமே உங்களைப் பார்த்து உன் ஊரைக் காட்டு என்றுதான் சொல்கிறது. 2022 நவம்பர் 30-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை எடுத்துப் படியுங்கள். உங்கள் சேனலுக்கு அதில் பிளாட்ஃபார்ம் சர்வீஸ் என்று பெயர். ஒரு சேனலுக்கு ஒரே முறை 1,000 ரூபாய் பதிவுக் கட்டணம். உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமானால் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு கேபிள் நிறுவனம் காட்டுவதை இன்னொரு நிறுவனம் எடுத்துப் போடக் கூடாது. ஆனால் கோயில் மாதிரியான வழிபாட்டு இடங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு உண்டு, அதைப் பகிரலாம்.

இந்த விலக்கை நம் பக்கத்தில் ஒழுங்காகப் பயன்படுத்தினால் எவ்வளவு செய்யலாம்! வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி வெள்ளியில் ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஆளுநர் வந்து வடம் பிடிக்கிற தேர். பெரிய சேனலில் ஆளுநர் வடத்தைத் தொடுவதோடு செய்தி முடிந்துவிடும். தேர் அதற்குப் பிறகுதானே ஓடுகிறது! அதை மூன்று மணி நேரம் வெட்டாமல் போட உங்களால் மட்டும்தான் முடியும். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் அம்மனைப் பார்ப்பது பாதி, கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவது பாதி. வடலூரில் தைப்பூசத்துக்கு ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும் அன்று கூட்டத்துக்குள் நிற்க முடியாத முதியவர்கள் எத்தனை பேர்! நீங்கள் பத்து பேர் பத்து கேமரா அனுப்ப வேண்டியதில்லை. ஒருவர் வையுங்கள், மற்றவர்கள் வாங்கிப் போடுங்கள்.

எல்லாம் செல்போனில் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். என் பையன் டி.வி.யைத் திரும்பியும் பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் அதே வெள்ளத்தின்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 2015 வெள்ளத்து வீடியோவை இன்றையது என்று யாரோ போட்டுவிட, அக்காவை நினைத்து அம்மா அழுதே விட்டார். யார் போட்டது என்று கேட்க அங்கே முகம் கிடையாது. நீங்கள் தப்பாகப் போட்டால் மஞ்சக்குப்பத்திலேயே உங்களைப் பிடித்துக் கேட்பார்கள். அந்தப் பயம் உள்ளவரைக்கும் உங்களை நம்பலாம்.

காசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்துத்தான் என் பழைய சேனல் மூடியது. தைலமும் லேகியமும் தாயத்தும் மொத்தமாகப் பணம் கட்டுகின்றன, ஒப்புக்கொள்கிறேன். நடுச்சாமத்தில் ஓட்டிக்கொள்ளுங்கள். ஸ்லாட் விற்கும்போது, மழை வெள்ளம் வந்தால் தள்ளிப்போடுவோம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். தைலக்காரர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் பார்க்க ஆள் வேண்டும். காலையில் ஸ்க்ரோலில் கண்ணீர் அஞ்சலியும், காணாமல் போன மாடும், எந்த ஃபீடரில் கரண்ட் கட் என்பதும் போகட்டும். இந்த ஊரில் அதைவிடக் கவனமாக எதையும் படிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வரும் மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் சாமிகள் கடலுக்கு வரும்போது யாராவது நேரலை வைப்பதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். முகூர்த்தம் இருந்தாலும் தம்பியை அனுப்பிவிட்டு நான் வந்துவிடுகிறேன். என்னிடம் கேமரா இருக்கிறது, கனமான பழைய ஸ்டாண்டும் இருக்கிறது, கடற்கரைக் காற்றுக்கு அதுதான் நிற்கும். கூலி வேண்டாம். எந்த நம்பரில் வரும் என்பதை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள், பிளாஸ்திரியை மாற்ற வேண்டும்.