2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, தாமான் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, வணக்கம்.

நம் தாமான் என்ற இந்த வீடமைப்புப் பகுதியின் குடியிருப்பாளர் சங்கத்தில் இன்று 112 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். செயலவை 12 முறை கூடியிருக்க வேண்டும். 9 முறைதான் கூடியது. இரண்டு முறை போதிய ஆள் வரவில்லை. ஒரு முறை அறிவிப்பு அனுப்ப நானே மறந்துவிட்டேன். பொங்கல் விழா, கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி, பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார்.

இவ்வாண்டு நம்மை அதிகம் பேசவைத்தது மூன்றாம் லோரோங்கின் (சந்தின்) பின்புறக் கால்வாய். மார்ச் மாதம் அதன் மூடிப் பலகை உடைந்தது. உரிய அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்குப் புகைப்படம் கேட்டார்கள். மூன்றாவதை வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டதாகத் தகவல் வந்தது. ஏப்ரல் கூட்டத்தில், முப்பது ஆண்டு ரப்பர் பால் வெட்டிய ஒரு பாட்டி எழுந்து, “ஓட்டுப் போட்டுத்தானே அனுப்பினோம்? அந்த ஆளை இங்கே வரச் சொல்லுங்கள்” என்றார். நகராண்மைக் கழக நாற்காலிக்கு நாம் ஓட்டுப் போடுவதே இல்லை என்று நான் சொன்னதும், நம்பாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் மக்களாட்சி, சட்ட ஆட்சி பற்றிய நம் மாதாந்திரக் கலந்துரையாடல் பிறந்தது. நம் மலேசியாவில் நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றங்களுக்கான தேர்தல் சுதந்திரத்துக்கு முன்பே இருந்தது. ஜார்ஜ் டவுனில் 1951இலும் கோலாலம்பூரில் 1952இலும் மக்கள் வாக்களித்திருக்கிறார்கள். இந்தோனேசியா நம் நாட்டோடு நடத்திய மோதலைக் காரணம் காட்டி 1965இல் அதை நிறுத்திவைத்தார்கள். மறு ஆண்டே அந்தப் பூசல் தீர்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவர் குழு பரிந்துரைத்தது. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அந்தக் கதவை மூடிவிட்டது. பினாங்கு மாநிலம் தனிச்சட்டம் இயற்றித் தேர்தல் நடத்த முயன்றபோது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டத்தை மாற்ற வேண்டிய இடம் நாடாளுமன்றம்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. நாம் முன்பு இருந்த தோட்டத்தில் கால்வாய் அடைத்தால் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்வோம், அவர் எழுத்தரான கிராணியிடம், கிராணி நிர்வாகியான துரையிடம். துரைக்கு மனமிருந்தால் வேலை நடக்கும். தோட்டம் துண்டாகி நாம் தாமானுக்குக் குடிவந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு அந்த மனுப் பழக்கமும் லாரியில் ஏறி வந்துவிட்டது.

ஆகஸ்டு அமர்வுக்கு நம் தோட்டத்தில் பிறந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் வந்தார். முன்னாள் பிரதமர் நஜிப், எஸ்.ஆர்.சி. என்ற அரசு நிறுவனத்தின் பணத்தைக் கையாடிய வழக்கைப் பற்றிப் பேசினார். 12 ஆண்டுச் சிறையையும் 21 கோடி ரிங்கிட் அபராதத்தையும் 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. பிரதமராக இருந்தவரையும் சட்டம் தொடும் என்று அன்று பெருமைப்பட்டோம். 2024 பிப்ரவரியில், மன்னிப்பு வாரியம் சிறையை 6 ஆண்டாகவும் அபராதத்தை 5 கோடியாகவும் குறைத்த செய்தி வந்தது. அரசமைப்பின் 42ஆம் விதி தரும் அதிகாரம் அது, எந்தக் கைதியும் மனுச் செய்யலாம் என்று வழக்கறிஞர் விளக்கினார். பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற மண்டோர், “இரண்டு குலை செம்பனை திருடியவனுக்கு மனு எழுதித் தர யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். வழக்கறிஞர் உடனே பதில் சொல்லவில்லை. கேள்வியை அப்படியே குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன்.

அக்டோபர் அமர்வு இளைஞர்களுக்கானது. ஓர் ஆசிரியை இரண்டு தட்டுகளில் செம்பனை உதிரிப் பழங்களைக் கொட்டினார்; ஒன்றில் முப்பது, மற்றதில் மூன்றுக்கும் குறைவு. 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கித் தொகுதியில் 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள்; சரவாக்கின் ஈகானில் 30 ஆயிரம்கூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். சரவாக்கின் பரப்பும் ஆறுகளும் அதற்குக் காரணம் என்று ஒரு பையன் வாதாடினான். நியாயம்தான், ஆனாலும் பத்துக்கு ஒன்று அதிகம் என்று ஒரு பெண் திருப்பிக் கொடுத்தாள்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். அன்று கைப்பேசியில் பார்த்தபோது, நம் பிள்ளைகள் பதினொரு பேர் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான பழைய லயத்து முகவரியில் இருந்தார்கள். லயம் இடிபட்டு அங்கே செம்பனை நிற்கிறது. அடையாள அட்டையில் முகவரி மாற்றாததன் விளைவு. ஆறு பேர் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மாற்றிவிட்டார்கள். மற்ற ஐவரின் பெற்றோர் இங்கேதான் அமர்ந்திருக்கிறீர்கள்.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தலைவர் முன்வரிசையில் இருக்கிறார், எனக்குப் பெரியப்பா மகனும்கூட. தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் ஒருவர் தலைவராக இருக்கக் கூடாது என்பது நம் விதி. அண்ணன் நன்றாகவே நடத்தினார். அதனால் விதியைத் தளர்த்தலாம் என்று சிலர் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கையைத் தூக்கினால் போதும் என்றார்கள். அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்க, யார் கை தூக்காமல் இருப்பார்கள்? செப்டம்பர் சிறப்புக் கூட்டத்தில் மைலோ டின்னின் மூடியில் துளை போட்டு, சீட்டு எழுதிப் போடவைத்தேன். விழுந்தவை 79. ஆதரவு 36, எதிர்ப்பு 41, செல்லாதவை 2. விதி மாற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், தீர்மானம் தோற்றது. செல்லாத சீட்டு ஒன்றில் “கால்வாய்?” என்று மட்டும் எழுதியிருந்தது. அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு வந்தது.

கால்வாய்க்கு நவம்பரில் ஒரு பக்கம் மட்டும் பலகை போட்டார்கள். மறுபக்கத்துக்கான நான்காவது கடிதம் மண்டப வாசலில் இருக்கிறது. கையெழுத்திடாமல் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.

இக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு அறிக்கை அனுப்பியாக வேண்டும். கூட்டக் குறிப்பேடும் எண்ணிய 79 சீட்டுகளும் என் பொறுப்பில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். நாயைக் கட்டிப்போட்டிருப்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்