வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை என்று போர்டு வைக்காதே

அன்புள்ள கண்ணு,

போனில் நீ கேட்டதுக்குச் சரியாகப் பதில் சொல்ல நேரம் போதவில்லை. வேளச்சேரியில் கிளினிக் திறக்கும்போதே "வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை" என்று போர்டு வைத்துவிடலாமா என்றாய். வைக்காதே.

உன் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஒரு வீட்டுக்குப் போய்வரும் நேரத்தில் கிளினிக்கில் பத்துப் பேரைப் பார்த்துவிடலாம். ஃபீஸ் கேட்கக் கூச்சமாக இருக்கும். கையில் ஈசிஜி கிடையாது; நாம் வந்துபோன பிறகு ஏதாவது ஆகிவிட்டால் பழி நம் மேல் விழும். அதிலும் நீ பெண், தெரியாத வீடு. சேலத்தில் என்னோடு தொழில் தொடங்கிய நல்ல டாக்டர்கள் சிலரே இதற்காகத்தான் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் எண்பது வயசுக்காரர் கிளினிக்குக்கு வரும்போது குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார். கேட்பதற்கெல்லாம் மகனே பதில் சொல்கிறான். வீட்டில் அவர் எப்படிப் பொழுதை ஓட்டுகிறார் என்று நமக்குத் தெரிவதே இல்லை.

அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரப் பெரியவர் ராத்திரியில் அடிக்கடி விழுகிறார் என்று கூப்பிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரை. இரண்டு டாக்டர்கள் எழுதியது, இரண்டு கம்பெனிப் பெயர், உள்ளே இருப்பது ஒரே பிரஷர் மருந்து, அம்லோடிபின். டோஸ் இரட்டிப்பானதில் கால் வீங்கியிருக்கிறது. அந்த வீக்கத்துக்கு இன்னொருவர் நீர் பிரிகிற மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைச் சாயங்காலம் போட்டுக்கொண்டு, ராத்திரி நாலைந்து தடவை எழுந்து, தறிக்குழியைச் சுற்றி, உயரமான நிலைப்படி தாண்டி, விளக்கில்லாத பின்கட்டுக்குப் போகிறார். படுக்க வைத்து பிரஷர் பார்த்தேன். நிற்க வைத்து மூன்று நிமிஷத்துக்குள் திரும்பப் பார்த்தேன். மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும், அவருக்கு அதற்கும் மேலே இறங்கியது. அந்த டப்பாவை யாரும் கிளினிக்குக்கு எடுத்து வரமாட்டார்கள். நிலைப்படியை எடுத்து வரவும் முடியாது. அவருக்குப் புது மருந்து எதுவும் எழுதவில்லை, இருந்ததைக் குறைத்தேன். பின்கட்டில் ஒரு பல்பு போடச் சொன்னேன்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எவ்வளவோ நல்லது செய்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு பிசியோதெரபி கிடைக்கிறது. ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் பாட்டிக்கு இதன் அருமை தெரியும். மேல்சிகிச்சை என்றால் அவர் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வரவேண்டுமே! இருந்தாலும் எந்த மாத்திரையை நிறுத்தலாம் என்று முடிவு செய்ய ஒரு டாக்டர் அந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஆகும். வீடியோ காலில் பின்தொடரலாம், தப்பில்லை. முதல் தடவை நேரில் போ.

எல்லாருக்கும் போகவேண்டாம். நெஞ்சுவலி, வாய் கோணல், கை கால் இழுப்பு என்றால் நீ கிளம்பவே கூடாது, 108-ஐக் கூப்பிடச் சொல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உனக்காகக் காத்திருந்தால் அது வீணாகும். நடக்க முடியாதவர், மறதி நோய்க்காரர், ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வீடு திரும்பியவர், இவர்களுக்குப் போ. வாரத்தில் ஒரு மத்தியானத்தை ஒதுக்கு. நர்ஸைக் கூட்டிக்கொண்டு போ. ஃபீஸை முன்னாடியே சொல்லிவிடு, கொடுக்க முடிந்தவர்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். பார்த்ததை அங்கேயே எழுதி ஒரு பிரதி கொடுத்துவிட்டு வா. நீ பயப்படுகிற பழிக்கு அதுதான் பாதுகாப்பு.

பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாக லீவு போடு. குகைப் பக்கம் நான் பார்க்கிற இரண்டு வீட்டுக்கு நீயும் வா. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா