டர்போ காருக்கு வேறு எயார் இன்டேக் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில், டர்போ கார் வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் எயார் இன்டேக்தான் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. எயார் இன்டேக் என்றால் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற ஃபில்டரும் குழாயும். டர்போ என்றால் எஞ்சின் புகையால் சுழன்று அந்தக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற கருவி. நான் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் கார்களுக்கு ஸ்கேன் போட்டு எஞ்சின் கோளாறு பார்க்கிறவன். குறிப்பு வந்த மறுநாளே ஒரு தம்பி பேப்பரோடு வந்து, "அண்ணா, இதைப் பூட்டினால் 10 குதிரைவலு கூடுமாம், பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையில் வாங்கலாம்?" என்று கேட்டார். பேப்பரில் வந்தால் ஆட்கள் நம்புவார்கள், அதனால்தான் எழுதுகிறேன். கம்பனியில் இருந்து வந்தபடியே ஓடுகிற இன்றைய டர்போ காருக்கு அந்தச் செலவு வீண். கொழும்பில் ஓடுகிற காருக்கு, வீண் மட்டுமல்ல, சில நேரம் கெடுதலும்கூட.

இந்த நம்பிக்கை பழைய டர்போ இல்லாத எஞ்சின்களின் காலத்தில் வந்தது. அவை வெளியில் இருக்கிற காற்றழுத்தத்தை மட்டுமே நம்பி மூச்சு விடுபவை, ஃபில்டரிலும் குழாயிலும் 1 சதவீத அழுத்தம் குறைந்தால் வலுவிலும் ஏறக்குறைய அவ்வளவு குறையும், ஆகவே தடையை எடுத்தால் கொஞ்சமாவது கிடைக்கும். டர்போ காரில் கணக்கே வேறு. எஞ்சினுக்குள் எவ்வளவு அழுத்தத்தில் காற்றுப் போக வேண்டும் என்பதைக் குழாய் தீர்மானிப்பதில்லை, காரின் கணினி தீர்மானிக்கிறது. நீங்கள் மிதிக்கிற அளவைப் பார்த்து இவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்று அது ஓர் இலக்கு வைக்கிறது, அந்த இலக்கு வரும்வரை டர்போவைச் சுழல விடுகிறது, வந்ததும் வேஸ்ட்கேட் என்கிற வால்வைத் திறந்து மிச்சப் புகையை டர்போவில் படாமல் வெளியே விட்டுவிடுகிறது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் மிதவை வால்வு மூடுகிற மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறாது அல்லவா, அதுதான் இங்கேயும்.

டொயோட்டா ரைஸை எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீதிகளில் நிறையவே ஓடுகிற 1.0 லீற்றர் டர்போ. வரியை எஞ்சின் கொள்ளளவு பார்த்துப் போடுகிற நாட்டில் 1000 சிசிக்குள் அடங்குகிற இந்த மாதிரிக் கார்கள்தான் விலைப்படும். 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு புதிதாகவும் வருகின்றன. அதன் எஞ்சின் 98 குதிரைவலு, முறுக்குவிசை 140 நியூட்டன் மீற்றர், அதுவும் நிமிடத்துக்கு 2400 சுற்றில் இருந்து 4000 சுற்று வரைக்கும் அதே 140. ஒரு எஞ்சின் இயல்பாக மூச்சு விட்டால் முறுக்குவிசை வரைபடத்தில் கோடு இப்படிச் சமமாக நிற்காது, ஏறும், இறங்கும். சமமாக நிற்பதற்குக் காரணம் கணினி அதைப் பிடித்து வைத்திருப்பதுதான். பிடித்து வைத்திருக்கிற கோட்டை ஒரு குழாயும் ஃபில்டரும் எப்படித் தூக்கும்?

சரி, ஒன்றுமே கிடைக்காதா என்றால், கிடைக்கும், மிகச் சிறிதாக. டர்போவுக்குள் போகிற காற்றின் அழுத்தம் ஃபில்டர் தடையால் 98 கிலோபாஸ்கல் என்றும், தடை இல்லாவிட்டால் 100 என்றும் வைத்துக்கொள்வோம். டர்போவை விட்டு வெளியே வரும்போது 200 வேண்டும். தடை உள்ளபோது டர்போ 2.04 மடங்கு அமுக்க வேண்டும், இல்லாதபோது 2 மடங்கு. கணக்குப் போட்டால் டர்போவை விட்டு வெளியே வருகிற காற்றின் சூட்டில் சுமார் 3 பாகை வித்தியாசம் வரும், அதிலும் பெரும்பகுதியை, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் எடுத்துவிடும். மிச்சம் இருப்பதைக் காலி வீதியில் யாரும் உணர முடியாது.

ஆனால் அந்த 3 பாகைக்காக எவ்வளவு சூட்டை உள்ளே விடுகிறோம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஃபில்டர் இருக்கிற கம்பனிப் பெட்டி மூடியது, அதன் மூக்கு பெரும்பாலும் ரேடியேட்டருக்கு மேலே முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும், வெளிக்காற்றை எடுக்கும். பஞ்சிகாவத்தையில் தொங்கவிட்டிருக்கிற கூம்பு ஃபில்டர்களில் அதிகமானவை பெட்டி இல்லாதவை, பொனட்டுக்குள் திறந்து கிடப்பவை. மத்தியானம் மருதானைச் சந்தியில் நெரிசலில் நிற்கும்போது வெளியில் 32 பாகை என்றால் பொனட்டுக்குள் 50ஐத் தாண்டுவது சாதாரணம். காற்று 3 பாகை சூடானால் அதன் அடர்த்தி 1 சதவீதம் குறையும், நீங்களே கூட்டிப் பாருங்கள். இன்டர்கூலர் இருக்கிறதே என்பார்கள். கார் ஊர்ந்து போகும்போது அதற்குள்ளும் காற்று ஓடாது, அதுவும் சூடேறி நிற்கும். அப்போது கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டாமல் இருக்கக் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும், வலு இன்னும் குறையும். காரின் கணினியைப் படித்துத் தொலைபேசியில் காட்டுகிற சின்ன ஓபிடி கருவி ஒன்று இருந்தால் இதை எவரும் பார்க்கலாம், பூட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே நெரிசலில் உள்வரும் காற்றின் வெப்பநிலை என்ன என்று.

அப்படியானால் பூட்டியவர்கள் எல்லாம் கார் பறக்கிறது என்கிறார்களே? சத்தம்தான் காரணம். கம்பனிப் பெட்டியோடு காற்றின் இரைச்சலை அடக்குவதற்கென்றே தனி அறைகள் சேர்த்திருப்பார்கள். அவற்றைக் கழற்றினால் டர்போவின் சீழ்க்கையும், கால் எடுக்கும்போது வருகிற அந்த 'புஸ்' சத்தமும் உள்ளே கேட்கும், மனம் அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். சத்தத்துக்காக வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்குபவரோடு எனக்கு வாதம் இல்லை. வலுவுக்காக என்று சொல்லி விற்பதுதான் பிழை.

அண்மையில் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று ஒரு ஜப்பான் டர்போ கார் வந்தது. புது அலுமினியக் குழாய், பளபளவென்று சிவப்புக் கூம்பு. ஸ்கேன் போட்டால் பி0171, கலவையில் பெற்றோல் குறைவு என்கிறது. குழாயைத் தடவிப் பார்த்தேன். கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிப்பகுதி அறையில்) இருந்து வருகிற மூச்சுக் குழாய் பொருந்துகிற காது கம்பனி அளவைவிடப் பருமன் குறைவு, ரப்பர் இறுக்கமாக உட்காரவில்லை, கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் விரலால் ஆட்டினால் ஆடுகிறது, சுற்றிவர எண்ணெய்க் கசிவு. காற்றை அளக்கிற மாஃப் சென்சரைத் தாண்டிய இடத்தில் அந்த ஓட்டை, அதனால் அளக்காத காற்று உள்ளே போகிறது. பழைய பெட்டியையும் குழாயையும் திரும்பப் பூட்டினோம், கோளாறு போனது. மாஃப் சென்சர் உள்ள கார்களில் குழாயின் உள்விட்டம் கொஞ்சம் மாறினாலே அளவு பிழைக்கும், ஏனென்றால் கணினிக்குத் தெரிந்தது கம்பனிக் குழாய் மட்டும்தான். அழுத்த சென்சரை மட்டும் வைத்து ஓடுகிற கார்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. எந்தக் கார் எந்த வகை என்று பார்த்து விற்கிற கடைக்காரர் யார்?

எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுவித் திரும்பப் பாவிக்கலாம் என்பது உண்மை. கழுவியபின் எண்ணெய் கூடிப்போனால் அது பறந்து மாஃப் சென்சரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் படியும், குறைந்துபோனால் தூசி உள்ளே போகும். டர்போவின் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேலே சுழல்கிறது, அந்த வேகத்தில் கட்டட வேலைத் தூசி படுவது நல்லதல்ல, பிஸ்டன் வளையங்களுக்கும் அப்படித்தான்.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கிப் பூட்டுகிற வகையும் உண்டு. சூட்டுக் கணக்கில் அது சரி. ஆனால் ஒரு மணித்தியால மழைக்கே ஆமர் வீதியில் தண்ணீர் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு எஞ்சினின் மூக்கைச் சில்லின் உயரத்துக்குக் கொண்டுபோய் வைக்கலாமா? காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும், அப்புறம் எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

வேறு இன்டேக் எப்போது தேவை? பெரிய டர்போ மாற்றி, கணினியையும் புதிதாக டியூன் செய்து, கம்பனி நினைத்ததைவிட மிக அதிகமான காற்றை இழுக்கிற காருக்குத் தேவைப்படலாம், அதுவும் மூடிய பெட்டியோடு, அந்தக் கார் மொடலுக்கென்றே செய்ததாக. அப்படியான கார்கள் கொழும்பில் கொஞ்சம்தான். மற்றவர்கள் அந்தக் காசில் நல்ல ஸ்பார்க் பிளக்கும் நேரத்துக்கு எண்ணெய் மாற்றமும் செய்யட்டும், கம்பனிக் காகித ஃபில்டரைக் கையேடு சொல்கிறபடி மாற்றட்டும் (தூசி வீதியில் ஓடினால் இன்னும் முந்தி). பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில் ஒக்டேன் 95 என்று போட்டிருந்தும் 92 பெற்றோல் அடிக்கிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு 95 அடிப்பதே எந்த இன்டேக்கையும்விடக் கூடுதல் வலுவைத் திருப்பித் தரும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இவ்வளவு குதிரைவலு கூடும் என்று எதையாவது பிரசுரிக்கும்போது, அதே காரில், அதே நாளில், அதே டைனோவில் (வலு அளக்கிற இயந்திரத்தில்) அளந்ததா, பொனட் மூடியிருந்ததா, உள்ளே போன காற்று எத்தனை பாகை, ஒரு ஓட்டமா பல ஓட்டங்களின் சராசரியா என்று விற்பவரிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலையும் சேர்த்துப் போடுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்றும் போடுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்,
கொழும்பு 13