அந்தத் தூசு பழசு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விண்மீன்களைச் சுற்றியிருக்கும் தூசுத் தட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். இந்த விஷயத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால், விண்மீன் பிறந்தபோது மிஞ்சிய தூசு இன்றும் அப்படியே சுற்றிக்கொண்டிருப்பதாகக் கட்டுரை நெடுகச் சொல்லப்பட்டிருக்கிறது. அது சரியில்லை. சின்னப் பிழைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தட்டுகளின் சுவாரசியமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிறந்த புதிதில் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசும் கலந்த பெரிய தட்டு இருப்பது உண்மைதான். கோள்கள் உருவாவது அதில்தான். ஆனால் அந்த வாயு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக்குள் போய்விடுகிறது. 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோள் வேகா விண்மீனிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிக அகச்சிவப்பு ஒளி வருவதைக் கண்டது. சுற்றிலும் இருக்கும் தூசு சூடாகி ஒளிர்வதுதான் காரணம். வேகாவின் வயதோ 40 கோடி ஆண்டுக்கு மேல். அத்தனை காலம் தூசு தாக்குப்பிடிக்காது. மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குப் பொடியானவற்றை விண்மீனின் ஒளி அழுத்தமே வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் பெரிய துகள்களின் வேகத்தை அதே ஒளி குறைத்து, அவற்றை மெல்ல மெல்ல உள்பக்கம் இழுத்துவிடும். பூமி இருக்கும் தொலைவில், மைக்ரான் கணக்கில் அளக்கும் துகளுக்கு இதற்குச் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் ஆண்டுகள் போதும்.

அப்படியென்றால் நாம் பார்க்கும் தூசு எங்கிருந்து வந்தது? இப்போது உடைந்துகொண்டிருக்கும் பாறைகளிலிருந்தும் பனிக்கட்டி உருண்டைகளிலிருந்தும்தான். நம் சூரியக் குடும்பத்தின் சிறுகோள்கள், நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் கைப்பர் பட்டைப் பொருள்கள் போன்றவை அவை. மோதி உடைந்த துண்டுகள் மீண்டும் மோதி, மலை பாறையாகி, பாறை கல்லாகி, கல் பொடியாகிறது. ஒரு கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரே ஒரு பாறையை மைக்ரான் துகள்களாக அரைத்தால், ஒளி படும் பரப்பு 100 கோடி மடங்கு கூடிவிடும். அதனால்தான் பாறைகள் எந்தத் தொலைநோக்கிக்கும் சிக்காதபோது அவற்றின் பொடி மட்டும் பல ஒளியாண்டு தாண்டித் தெரிகிறது. எடையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பெரிய பொருள்களில், வெளிச்சமெல்லாம் எடையே இல்லாத பொடியில். கீழே ஊற்று இருப்பதால் மட்டுமே வற்றாமல் தெரியும் குளம் மாதிரிதான் இந்தத் தட்டு.

ஊற்றும் ஒரு நாள் குறையும். பெரிய பொருள்கள் உடைந்து தீரத் தீர மோதல்கள் குறைந்து, தட்டின் ஒளி ஏறத்தாழ வயதுக்கு எதிர்விகிதத்தில் மங்குகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் நிறையச் சரக்கு இருந்த தட்டில் மோதல்களும் அதிகம் என்பதால் அது சீக்கிரம் கரைகிறது. ஆகவே போதிய காலம் போன பிறகு, அதிகச் சரக்கோடு தொடங்கியதும் குறைவாகத் தொடங்கியதும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. வயதான விண்மீன் ஒன்றின் தூசு இந்தக் கணக்கைவிட மிகப் பிரகாசமாக இருந்தால், அங்கே அண்மையில் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

63 ஒளியாண்டு தொலைவிலுள்ள பீட்டா பிக்டோரிஸ் விண்மீனிடம் அப்படி ஒன்று கண்ணெதிரே நடந்திருக்கிறது. 2004-05-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அதன் அருகே நுண்ணிய, சூடான தூசைக் கண்டது. பிற்பாடு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது அந்தத் தூசின் தடயம் இல்லை. ஸ்பிட்சர் பார்ப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு பெரிய சிறுகோள்கள் மோதியிருக்க வேண்டும், அதில் கிளம்பிய பொடியை ஒளி ஊதித் தள்ளிவிட்டது என்பது 2024-இல் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பிறப்பின் மிச்சம் என்றால் 20 ஆண்டுக்குள் காணாமல் போகுமா?

கோள்களின் பங்கைக் கட்டுரை ஒரு பத்தியில் முடித்துவிட்டது. நிதானமான வட்டப் பாதையில் சுற்றும் பாறைகள் மோதினாலும் மெதுவாகத்தான் உரசும். பாதைகளைக் கலைத்து, பொடிப்பொடியாக்கும் வேகத்தில் மோதவிடுவதற்குப் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு கோளோ, பெரிய பொருள்களோ வேண்டும். பீட்டா பிக்டோரிஸ் தட்டின் உட்பகுதி லேசாகச் சாய்ந்திருப்பதை வைத்தே, அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று 1997-இல் கணித்தார்கள். 2008-இல் அந்தக் கோளின் படம் வெளிவந்தது.

ஆனாலும் தட்டில் தெரியும் ஒவ்வொரு இடைவெளிக்கும் புள்ளிக்கும் கோள் என்று பெயர் வைத்துவிடக் கூடாது. ஃபோமல்ஹாட் விண்மீனருகே தெரிந்த ஃபோமல்ஹாட் பி என்ற புள்ளியைக் கட்டுரையில் கோள் என்றே எழுதியிருக்கிறீர்கள். 2008-இல் அப்படித்தான் அறிவித்தார்கள். அப்புறம் அந்தப் புள்ளி விரிந்து, மங்கி, 2014 வாக்கில் மறைந்தே போயிற்று. அது இரு பொருள்கள் மோதிக் கிளம்பிய தூசு மேகம் என்று 2020-இல் ஓர் ஆய்வு விளக்கியது. ஹபிள் 2023-இல் எடுத்த படத்தில் அதே விண்மீனருகே இன்னொரு புள்ளி முளைத்திருந்தது. அதையும் மோதல் மேகமாகத்தான் பார்க்கிறார்கள். லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை நடந்தால் அதிகம் என்று கணக்குப் போட்டிருந்த நிகழ்வு, 20 ஆண்டுக்குள் இரண்டு! கோள் கைநழுவியது இழப்பு என்று நான் நினைக்கவில்லை. மோதல்களைப் பற்றிய நம் கணக்கையே மறுபடி போடவைக்கும் சேதி அல்லவா இது!

வேகாவையும் ஃபோமல்ஹாட்டையும் ஒப்பிட்டிருந்தால் கட்டுரை இன்னும் நிறைவாக இருந்திருக்கும். இரண்டும் 25 ஒளியாண்டு தொலைவு. வயதும் கிட்டத்தட்ட ஒன்று. ஃபோமல்ஹாட்டைச் சுற்றி, மையம் விலகிய வளையமும் உள்ளே வேறு பட்டைகளும் உண்டு. வேகாவின் தட்டோ, 2024-இல் வெளியான ஜேம்ஸ் வெப், ஹபிள் படங்களில் வழவழவென்று, பெரிய கோள் ஒன்று உழுத தடமே இல்லாமல் இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு இன்னும் முடிவான பதில் கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய படங்களை அச்சிடும்போது, எந்த அலைநீளத்தில் எடுத்தது என்பதையும் விண்மீனின் வயதையும் படத்தின் கீழே போடுங்கள். சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கியின் மில்லிமீட்டர் அலைப் படத்தில் தெரிவது மணல் அளவுத் துகள்கள். அவை தாய்ப்பாறைகள் இருக்கும் இடத்திலேயே தங்குவதால் வளையம் ஒல்லியாகத் தெரியும். ஹபிள் படத்திலோ ஒளி தள்ளிவிட்ட பொடி வெகுதூரம் விரிந்து கிடக்கும். இந்த இரண்டு விவரமும் இல்லாததால், உங்கள் கட்டுரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு படங்களும் வேறு வேறு விண்மீன்கள் என்றே பலர் நினைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்