நிற்கத் தெரிந்த தறி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி.

புதுத் தறி போட்டதில் லாபம் வருகிறதா என்று கேட்டிருந்தாய். முதல் ஆறு மாதம் வரவே இல்லை. பழைய நாடாத் தறியில், ஊடை என்கிற குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா நிமிடத்துக்கு 120, 130 தடவை குறுக்கே ஓடும்; ஒரு ஓட்டம் ஒரு பிக். செகண்ட் ஹேண்டில் வாங்கிய இந்தத் தறி ரேப்பியர்; நாடா இல்லாமல் கம்பியால் ஊடையை இழுத்து 300 பிக்கைத் தாண்டுகிறது. ஆனால் அந்த வேகத்தை நூல் தாங்க வேண்டுமே! பழைய தறிக்கு வாங்கிய அதே பாவைத்தான், அதாவது நீளவாட்டு நூலைத்தான், இதிலும் ஏற்றினோம். நூல் உறுதியாக இருக்கப் போடும் கஞ்சி சரியாகப் பிடிக்காத இழை பட் பட்டென்று அறுந்தது. ஒவ்வொரு தடவையும் முடிச்சுப் போட்டு, விழுதுக் கண்ணில் கோத்து, அச்சுப் பல்லிடுக்கில் இழுத்துவிட்டு ஓட்ட வேண்டும். சாயங்காலம் மீட்டர் கணக்குப் பார்த்தால் பழைய தறியே தேவலை. பேங்க் தவணையை நினைத்துத் தூக்கம் போனது.

அப்போதுதான் டொயோட்டா கதையைப் படித்தேன். அந்தக் கார் கம்பெனிக்கு மூலம் தறி, தெரியுமா? சகிச்சி டொயோடா 1924-ல் ஒரு தானியங்கித் தறி செய்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை மாற்றிக்கொள்ளும். இழை அறுந்தால் தானாக நின்றுவிடும். நிற்பதால் கெட்ட துணி விழாது. ஆள் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டாம். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஜவுளி மெஷின் செய்வதில் பேர்போன இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே 1929-ல் ஒரு லட்சம் பவுண்டு பேசி அதன் காப்புரிமையை வாங்கியது. மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பினார். 1937-ல் மோட்டார் கம்பெனி தனியாக வந்தது. பின்னாளில் கார் ஆலையிலும் அதே வழக்கம்தான்: கோளாறைப் பார்த்தால் தொழிலாளியே கயிற்றை இழுத்துச் சொல்லலாம், வேலையையே நிறுத்தலாம்.

என் தறியும் நிற்கத்தான் செய்தது. ஏன் நின்றது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை, மாப்ளே.

சரி என்று ஒரு நாற்பது பக்க நோட்டைத் தறிக்காலில் கட்டித் தொங்கவிட்டேன். எத்தனை மணிக்கு நின்றது, பாவா ஊடையா, எந்த இடம் என்று தறி ஓட்டுகிற அக்கா எழுதினார். பத்தாம் நாள் அவரே நோட்டோடு வந்து, "அண்ணா, பாதிக்கு மேல இடது கரையோரமாத்தான் அறுகுது" என்றார். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்குப் படவில்லை. கரையோர இழைகளின் இழுவையைச் சரிசெய்தோம். பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் பட்டறையிலும் சொல்லி, கூடுதல் கூலி கொடுத்து, ரேப்பியருக்கென்று தனியாகக் கஞ்சி போட்ட பாவு வாங்குகிறேன். இப்போது தறி முழு ஷிப்டும் ஒரே சத்தத்தில் ஓடுகிறது. டேமேஜ் குறைந்ததால் நல்ல ரகத்துக்கு ஆர்டர் தருகிறார்கள். அக்காவுக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறேன்; அது அவருக்குச் சேர வேண்டிய காசு.

கரூரில் பெட்ஷீட் தைக்கப் புது மெஷின் வாங்கப்போவதாக எழுதியிருந்தாயே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நடை சோமனூர் வந்து போ. அக்காவும் ஷிப்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வா. நோட்டை எடுத்து வைக்கிறேன்.

உன்,
பக்கத்து பெஞ்சுக்காரன்