அம்மாவின் பென்ஷன் விஷயம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு 83 ஆகிவிட்டது, எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ள வரும் பெண்ணின் சம்பளத்துக்கே பென்ஷன் சரியாகப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாய்.

ஒன்று கேட்கிறேன். 80 முடிந்ததும் அவருடைய பென்ஷன் கூடியதா? உன் அப்பாவைப் போல இறந்துபோன ராணுவ வீரரின் மனைவி வாங்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் வயதுக்கேற்ற உயர்வு உண்டு. 80 முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறு முடிந்தால் இரட்டிப்பு. அந்தத் தொகைக்கும் அகவிலைப்படி சேரும்.

எங்கள் பெரியம்மாவுக்கு இது வராமலே இருந்தது. பெரியப்பா பட்டாளத்தில் சேர்ந்த காலத்தில் மனைவியின் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையில் அந்த இடமே காலி. தேதி இல்லாதவருக்கு 80 எப்போது முடிந்தது என்று யாருக்குத் தெரியும்! பாங்கில் கேட்டால் கையை விரித்தார்கள். பிறகு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக ஆதாரத்தோடு எழுதிப் போட்டு, ஸ்பர்ஷ் என்கிற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் தேதி ஏறிய பிறகுதான் நிலுவையோடு வந்தது. கேட்காதவருக்குக் கிடைக்காது என்பதுதான் எனக்கு எரிச்சல். 80 வயதுக் கிழவி எங்கே போய்க் கேட்பாள்?

நீ கேட்ட உதவியாளர் படி அம்மாவுக்குப் பொருந்தாது. பணியால் 100 சதவீதம் ஊனமாகி, ஆள் துணை தேவை என்று மருத்துவக் குழு சொன்ன வீரருக்குத்தான் அது. அவர் போனால் அதுவும் போய்விடும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். 2003-லிருந்து ஆஸ்பத்திரிச் செலவையும் மருந்தையும் பார்த்துக்கொள்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் தினமும் தூக்கி உட்கார வைக்கிறவளுக்கு அதில் சம்பளம் இல்லை. முதுமையில் பெரிய செலவே அதுதானே?

அப்புறம், உங்கள் தெருவில் பென்ஷனே இல்லாத ஒரு ராணுவ விதவை இருப்பதாகச் சொன்னாயே. கணவர் ஹவில்தார் அல்லது அதற்குக் கீழ் என்றால், 65 தாண்டியிருந்தால், வேறு வருமானம் இல்லையென்றால், வறுமை உதவித்தொகைக்கு மனுப் போடச் சொல். மாதம் 4,000 ஆக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கியிருக்கிறார்கள்.

அம்மாவின் பி.பி.ஓ., ஆதார், அப்பாவின் டிஸ்சார்ஜ் புக் மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. பெயரிலோ தேதியிலோ ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். மனுவை நான் எழுதித் தருகிறேன், அம்மாவிடம் கைநாட்டு வாங்குவது உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்