பச்சை மருந்தை விட்டுவந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வரும் ஆடியோடு நீ மெத்தடோனை விட்டு ஓராண்டு நிறைகிறது. பலரும் படிக்கும் இடத்தில் எழுதலாம் என்று நீயே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அந்த மருந்து உனக்கு எதனால் தேவைப்பட்டது, அதற்கு முன் மான்செஸ்டரில் என்ன நடந்தது என்பதெல்லாம் நமக்குள் இருக்கட்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நம் வாசலைக் கடந்து போகிறவர்களும் இதைப் படிப்பார்கள்.

அவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மெத்தடோன் என்பது ஹெராயின் போன்ற போதையிலிருந்து மீள்பவர்களுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்து. மருந்துக்கடைக்காரர் கண்ணெதிரே நீ தினமும் குடித்த அந்தப் பச்சைத் திரவம்தான் உன்னை உயிரோடு வைத்திருந்தது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று மாமா கேட்டபோது, 1960களில் நியூயார்க்கில் மருத்துவர்கள் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் இதைக் கொடுத்துப் பலரை வேலைக்கும் வீட்டுக்கும் மீட்டதையும், உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்ததையும் எடுத்துச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நீ அதை விட விரும்பியது உன் முடிவு. வாழ்நாள் முழுக்கக் குடித்திருந்தாலும் நீ என் தம்பிதான்.

ஆனால் அந்த ஒரு இரவு என் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. பல மாதங்களாக அளவைக் குறைத்து 30 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்து, வார்டில் சேர்த்து, அதே வேலைக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான புப்ரினார்பினுக்கு மாற்றுவதற்காக மெத்தடோனை நிறுத்தியிருந்தார்கள். மெத்தடோன் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். அது இறங்குமுன் புப்ரினார்பினைக் கொடுத்தால் அதன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டு வேதனையை ஒரேயடியாகக் கிளப்பிவிடும் என்பதால், கொட்டாவியும் மூக்கொழுகலும் மயிர்க்கூச்சும் எலும்புக் குடைச்சலும் நன்றாகத் தலைகாட்டும் வரை உன்னைக் காக்க வைத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் நீ கூப்பிட்டாய். அங்கே இரவு 11 மணி, இங்கே விடியற்காலை 3.30. லீ பஜாரில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம் போன் வழியே உனக்கும் கேட்டது. "அம்மா சாகக் கெடக்குறாங்கன்னு நர்ஸ்கிட்ட சொல்லுக்கா, நான் கெளம்பிடறேன்" என்றாய்.

நீ கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். உன்னை யாரும் கட்டிவைக்கவில்லை. வெளியேற ஒரு கௌரவமான காரணம் உனக்கு வேண்டியிருந்தது, அதற்கு அம்மாவின் உயிரைக் கேட்டாய். அப்போது அம்மா அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தார்கள். "செத்தாலும் அங்கேயே சாவு" என்று நான் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு என்னை மன்னித்துவிடு. மறுத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அளவு குறையக் குறைய உடம்பின் தாங்கும் சக்தியும் குறைந்துவிடும், பழைய அளவை நம்பி எடுப்பவனுக்கு மூச்சே நின்றுபோகும் என்று உன் மருத்துவர் என்னிடம் முன்பே விளக்கியிருந்தார். நீ திட்டித் தீர்த்தாய். நான் போனை வைக்கவில்லை. நர்ஸ் வந்து உன் நாக்கடியில் முதல் மாத்திரையை வைத்த பிறகுதான் உன் பேச்சு நின்றது.

பிறகு சித்தியிடம், அக்கா ஈவிரக்கம் இல்லாதவள் என்று சொன்னாயாம். யாருடைய வளையல் அடகுக் கடைக்குப் போய் உன் விமானச் சீட்டாக மாறியது என்பதைச் சித்தியிடம் நீ சொன்னதாகத் தெரியவில்லை. புப்ரினார்பினையும் படிப்படியாக நிறுத்திவிட்ட இந்த நிலையில், நீ இரண்டு நாள் தொடர்ந்து பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை என்பதும் உனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருக்கிறாய்.

சென்ற மாதம் வீடியோவில் உன் கன்னத்தில் சதை பிடித்திருப்பதைப் பார்த்ததும், அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துவந்து போனுக்கே திருஷ்டி சுற்றினார்கள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டாயம் வா. பல்லைக் காட்டவும் ஒரு நாள் ஒதுக்கிக்கொள். மெத்தடோன் வாயை உலரவைத்துப் பல்லையும் கெடுக்கக்கூடியது. வலிக்கு டிரமடால் எழுதிவிட்டால் அதுவும் அதே குடும்பத்து மருந்துதான் என்பதால், நாற்காலியில் உட்காரும் முன்பே மருத்துவரிடம் எல்லாவற்றையும் நீயே சொல்லிவிட வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன். உனக்காக நான் பேச மாட்டேன்.

அன்புடன்,
அக்கா